சாவடிப் பொறுப்பாளரின் பெயர் என்ன?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வருவோர், புதுச்சேரியை எட்டுமுன் சில ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் காண்பர். பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி, சற்று மேற்கே இடையஞ்சாவடி. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய சாவடிகள் ஒரு காலத்தில் இப்பகுதியில் இருந்தன என்பதை இப்பெயர்களே சொல்கின்றன. இவற்றுக்கு இடையே, செம்மண் மேட்டின் விளிம்பில் அமைந்திருக்கிறது குயிலாப்பாளையம். 1968க்குப் பின் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து இம்மேட்டில் குடியேறிய தொண்டர்களின் நகரான ஆரோவில்லுக்கு மிக அண்மையில் உள்ள ஊர்களுள் இதுவும் ஒன்று.

'சாவடி' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நம் தமிழ்த் திருவிவிலியத்தில் நல்ல சமாரியர் உவமையை வாசிக்கும்போதெல்லாம் அச்சொல்லைக் கேட்கிறோம். அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார். ஓர் இரவு கவனித்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுத் தம் வழியே செல்கிறார். அதன்பின் அந்தக் காயங்களைக் கழுவியவர் யார்? இரவில் விழித்திருந்தவர் யார்? சாவடிப் பொறுப்பாளர்தாம். ஆயினும் அவரைப் பற்றி நாம் மறையுரையிலும் கேட்பதில்லை, நாடகங்களிலும் காண்பதில்லை. அயலிலிருந்து வந்து உதவியவரின் கதையை நாம் நன்கு அறிவோம். அங்கேயே இருந்து பராமரித்தவரின் கதையை அறியோம். வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றிய எழுத்துகளை எடைபோட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிட்டவில்லை.

ஆரோவில்லைப் பற்றி அண்மைக் காலத்தில் வந்த நூல்களுள் பெரிதும் பேசப்பட்டது, 2021இல் வெளிவந்த ஆகாஷ் கபூரின் 'பெட்டர் டு ஹேவ் கான்' என்னும் ஆங்கில நூல். ஆசிரியர் ஆரோவில்லில் வளர்ந்தவர். கல்விக்காக அமெரிக்கா சென்று, மனைவி மக்களுடன் 2004இல் திரும்பி வந்தவர். அவருடைய மனைவியும் அவ்வூரின் குழந்தையே. அம்மையாரின் தாய் டயான் மாஸ் பெல்ஜியத்திலிருந்து இளம் வயதிலேயே வந்தவர். தாயின் துணைவர் ஜான் வாக்கர் அமெரிக்கச் செல்வக் குடும்பத்தவர். அவருடைய தந்தை வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தின் இயக்குநராய் இருந்தவர். இவ்விருவரும் 1986 அக்டோபரில் ஒரே நாளில் ஆரோவில்லில் இறந்தனர். அவர்கள் ஏன் இறந்தனர், யார் பொறுப்பு என்று ஒரு மகளும் மருமகனும் தேடிய தேடலே இந்நூல்.

கதையின் பின்னணியைச் சுருங்கச் சொல்வோம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண் ஒரு சலவைக்கல் தாழியில் இடப்பட, ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசாவின் கனவு நகரம் தொடங்கப்பெற்றது. நாடு, இனம், சமயம் என்னும் வேலிகளுக்கு அப்பாற்பட்டதாய், எந்தத் தனிமனிதருக்கும் உடைமையாகாததாய் அது விளங்க வேண்டும் என்பது சாசனம். 1973 நவம்பரில் அன்னை காலமானார். அதன்பின் நகரை நிர்வகிக்கும் உரிமை குறித்து ஸ்ரீ அரவிந்தர் சங்கத்திற்கும் குடியிருப்போருக்கும் இடையே கசப்பான பூசல் எழுந்தது. 1980இல் மைய அரசு அவசரச் சட்டத்தின் வழி நிர்வாகத்தை ஏற்றது. அரவிந்தரின் போதனை ஒரு சமயமா, அன்றா என்ற வினா உச்ச நீதிமன்றம்வரை சென்றது. சமயம் அன்று என்னும் நிலைப்பாட்டில் 1982இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஐம்பதாயிரம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட நகரில் இன்று வாழ்வோர் மூவாயிரத்தைச் சற்றே கடந்தோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர்.

1976இல் மாத்ரிமந்திர் கட்டுமானத்தின்போது டயான் உயரத்திலிருந்து விழுந்தார், கால்கள் செயலிழந்தன. உடலின் அணுக்களே மாற்றம் பெறும் என்ற அன்னையின் போதனையைப் பற்றிக்கொண்ட அவர், மருத்துவத்தை மறுத்து, நம்பிக்கையினாலேயே எழுந்து நடக்கலாம் எனக் காத்திருந்தார். பின்னாளில் ஜான் வாக்கரும் தம் நோய்க்கு முறையான மருத்துவத்தை நாடவில்லை. முடிவை முன்பே கூறினோம்.

இத்தகைய கதையை எழுதுவோர்க்கு இரண்டு சோதனைகள் உண்டு. இறந்தவர்களைப் புனிதராக்குவது ஒன்று, மூடராக்குவது மற்றொன்று. கபூர் இரண்டிற்கும் இடங்கொடுக்கவில்லை. ஜான் வாக்கர் தம் குடும்பத்தார்க்கு எழுதிய கடிதங்களைப் பொறுமையோடு வாசிக்கிறார். அவற்றிலுள்ள நகைச்சுவையையும் ஏக்கத்தையும் நம்மிடம் சேர்க்கிறார். பெற்றோரை இழந்த ஒரு மகளின் அமைதியான சினத்தையும் மறைக்கவில்லை. நம்பிக்கை எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அவர் நமக்காக வரைந்து தருவதில்லை. நாமே தேட விட்டுவிடுகிறார். துன்பத்தைப் பொன்முலாம் பூசிக் காட்டும் புனிதர் வரலாறுகளைப் படித்து வளர்ந்த நமக்கு இந்நடை ஒரு நல்ல பாடம். உடல் இறைவனின் கொடை, மருத்துவரின் கையும் அவர் கருணைக்குப் புறம்பானதன்று என்று நம்புகிறவர்கள், இந்நூலின் பிற்பகுதியைக் கனத்த மனத்தோடுதான் மூட முடியும்.

இவ்வளவு நேர்மையான நூலிலும் ஒரு வெற்றிடம் உண்டு.

கதையின் நடுவில் நிற்பவர்கள் வந்தவர்கள். இருந்தவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். கிராமத்தார் இந்நூலில் வருகிறார்கள், போகிறார்கள்; அவர்களை ஆசிரியர் இழிவாக எழுதினார் என்று எவரும் கூற இயலாது. ஆயினும் ஜான் வாக்கரின் மனத்திற்குள் நுழைந்தது போல ஒரு குயிலாப்பாளையத்துக்காரரின் மனத்திற்குள் நாம் நுழைவதில்லை. வெள்ளையர் சிலர் வந்து, வண்டி வண்டியாய்க் கன்றுகள் நட்டு, வேலி போட்டபோது, ஆடு மேய்த்தவர் என்ன நினைத்தார்? நிலத்தை விற்றவர் அடுத்த ஆண்டு எங்கே வரகு விதைத்தார்? விழுந்த பெண்ணுக்கு மருத்துவம் வேண்டாம் என்று சொல்லப்பட்டதைக் கேட்ட ஊர்க் கிழவி என்ன சொல்லியிருப்பாள்? வாக்கரின் கடிதங்கள் கிடைத்தன. கிழவி கடிதம் எழுதவில்லை. ஆசிரியரின் கைக்குக் கிட்டிய சான்றுகளே இப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அச்சாய்வைச் சாய்வென்று உணர்ந்து வாசிப்பது வாசகனின் கடமை.

இக்குறை ஒரு நூலுக்கு மட்டும் உரியதன்று. ஆரோவில்லைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதையைப் பாருங்கள். இரும்பை மாகாளேசுவரர் கோயிலையொட்டி வழங்கும் கடுவெளிச் சித்தர் கதை அது. தவமிருந்த சித்தரை மன்னன் ஒரு நடனமாதுவின் உதவியால் கலைக்கச் செய்கிறான். திருவிழாவில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, கூடியிருந்தோர் நகைக்கின்றனர். சித்தர் சினக்கிறார், சிவலிங்கம் வெடிக்கிறது, நாடு பாலையாகுமாறு சாபம் பிறக்கிறது. பின்னர், தொலைதூர நாடுகளிலிருந்து வருவோரால் இம்மண் மீண்டும் பசுமையாகும் எனச் சித்தர் இரங்கிக் கூறினாராம். கதையின் முற்பகுதி எந்தத் தமிழ்க் கோயிலுக்கும் பொருந்தக்கூடிய தலபுராணம். பிற்பகுதியோ யாருக்கு வசதியானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கதை பொய் என்பது என் வாதமன்று. மக்கள் தம் வாழ்வில் நேர்ந்ததைப் பழங்கதையோடு இணைத்துப் புரிந்துகொள்வது இயல்பே. ஆனால் அதைச் சொல்லும் நூல்கள், மண் பாலையானதற்கு உள்ளூராரின் பாவத்தையும், பசுமையானதற்கு அயலாரின் வரவையும் காரணமாக்கி நிறுத்திவிடுகின்றன. இடையில் நடந்தது காணாமற்போகிறது.

நடந்தது என்ன? மழை பெய்தால் செந்நீர் ஓடைகளாய் அரிக்கப்பட்டுக் கடலில் கலந்துகொண்டிருந்த அம்மேட்டில், 1970களில் வந்தவர்கள் வரப்புகள் இட்டு நீரைத் தடுத்தனர், மரம் நட்டனர். இப்பணியின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்றதாகும். முதலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா வகைகள் நிழல் தந்தன. பின்னர், இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்க வேண்டும் என அவர்கள் உணர்ந்தனர். பிச்சாண்டிக்குளம் காட்டை வளர்த்த ஜாஸ் புரூக்ஸ் போன்றோரின் உழைப்பு மரக்காணத்திற்கு அருகிலுள்ள நடுக்குப்பம், கழுவேலி ஏரிவரையும், சென்னையின் அடையாறு பூங்காவரையும் பரவியது. கழுவேலி 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்தக் காட்டுக்கு விதை எங்கிருந்து வந்தது? காசா, வீரை, கருங்காலி, பாலை ஆகிய மரங்கள் எங்கே எஞ்சியிருந்தன? ஊர்களின் கோயில் காடுகளில்! ஐயனாருக்கு அஞ்சி ஒரு சுள்ளியும் ஒடிக்காத மக்கள், புத்துப்பட்டு போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்த சிறு சோலைகளில்! ஏனைய நிலமெல்லாம் முந்திரித் தோப்பாகவும் கேழ்வரகுக் கொல்லையாகவும் மாறியபோதும், அடுப்பெரிக்க விறகு கிடைக்காதபோதும், அச்சோலைகளை அவர்கள் தொடவில்லை. தொலைநாட்டார் நட்டது உண்மை. நடுவதற்கு விதை வைத்திருந்தவர் உள்ளூரார் என்பதும் உண்மையே. சாவடிப் பொறுப்பாளர் இங்கேதான் நிற்கிறார்.

அவரை நான் என் உறவிலேயே கண்டிருக்கிறேன். உப்பளத்து ஊரில் பிறந்த என் அத்தை ஒருவர் குயிலாப்பாளையத்தருகே வாழ்க்கைப்பட்டவர். உப்பு வாரும் வேலையைவிடக் கன்றுக்கு நீரூற்றும் வேலை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். கோடையில் குடம் குடமாய் நீர் சுமந்து, ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஊற்றி, ஆட்டுக்கு எட்டாதபடி முள் வைத்துக் கட்டியவர். அவருக்கு நாட்கூலி கொடுக்கப்பட்டது. அன்போடும் நடத்தப்பட்டார் என்றே கூறுவார். முதுமையில் ஒருமுறை அவரோடு அக்காட்டின் ஓரமாய் நடந்தபோது, "இதெல்லாம் நான் வளத்த பிள்ளைங்க" என்றார். அக்காட்டைப் பற்றிய எந்த நூலிலும் அவர் இல்லை. இதை ஒரு குறையாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்வது நான்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அயலார் எழுத்தை மட்டும் தராசில் இட்டு, நம்முடையதை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

1542இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறியாத அவர், இருமொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனனம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று கற்பித்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். மணியோசையை நாம் மறக்கவில்லை. அச்செபங்களைத் தமிழாக்கித் தந்தவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

குளித்தலை அருகே 1950இல் மோன்சானின், லெ சோ அடிகளார்கள் சாந்திவனத்தை நிறுவினர். ஆரோவில் தொடங்கிய அதே 1968இல் லெ சோ வடக்கே செல்ல, பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் அங்கே வந்து, 1993இல் இறக்கும்வரை வாழ்ந்தார். காவிரிக்கரையில் வேட்டியும் காவியும் அணிந்து மறைபொருளைத் தேடிய அப்பெரியோர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. அவர்களைப் பற்றிய நூல்களோ மேலைநாட்டு மொழிகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் உபநிடதம் வருகிறது, காவிரி வருகிறது, தண்ணீர்ப்பள்ளியில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் எத்தனை பக்கங்களில் வருகிறார்? ஆரோவில் எழுத்தில் காணும் அதே வெற்றிடம், நம் ஆசிரம எழுத்திலும், நம் மறைத்தூதர் வரலாறுகளிலும் உண்டு. பெரும்பாலான பங்குகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டுங்கள். தாடி வைத்த வெளிநாட்டுக் குருக்களின் படங்கள் வரிசையாய் இருக்கும். அவர்களுக்கு முன்னே நடந்து வழிகாட்டிய உபதேசியார், 'ஓர் உபதேசியாரின் துணையோடு' என்ற சொற்றொடருக்குள் அடங்கிவிடுவார்.

இதற்கு மாறாக, அயலிலிருந்து வந்தும் இங்குள்ளோரின் மொழிக்குள்ளேயே குடிபுகுந்தவர்களும் உளர். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், சதுரகராதியை நமக்காகத்தான் தொகுத்தார். தேம்பாவணியைப் பாடியதும் நம் மொழியிலேதான். அவர் எழுத்தை அவருடைய அண்டை வீட்டார் வாசிக்கலாம், குறையும் கூறலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்படும் தொண்டர் நினைவுகளுக்கு இச்சோதனை இல்லை. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதை ஒருநாளும் வாசிக்கப்போவதில்லை என்னும் பாதுகாப்பில் எழுதப்படும் எழுத்து, தன்னையறியாமலே பொறுப்பை இழக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ தங்கித் திரும்பும் இளைஞர்களின் குறிப்புகளில் இது தெளிவாய்த் தெரியும். வெயில், கொசு, காரம், சிரிக்கும் குழந்தைகள், இறுதியில் 'நான் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம்' என்ற வாக்கியம்! பெற்றது அதிகம் என்றால், யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டாமா? கடன் பெற்றவர் கடன் கொடுத்தவரின் பெயரைக் குறித்து வைப்பதுதானே முறை?

ஆரோவில்லிலேயே வேறு வகை எழுத்தும் பிறந்திருக்கிறது. 'நெருஞ்சி', 'சுடுபூக்கள்' ஆகிய தொகுதிகளால் அறியப்பட்ட கவிஞர் இரா. மீனாட்சி அங்கே குடியேறி, உழைக்கும் இளைஞர்களுக்கான கல்விப் பணியில் ஈடுபட்டவர். 'உதயநகரிலிருந்து' என்று தம் தொகுதி ஒன்றுக்குப் பெயரிட்டவர். அந்நகரைப் பற்றி அந்நிலத்தின் மொழியிலேயே பேச முடியும் என்று காட்டியது அவர் சாதனை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையின் மீனவப் பெண்கள் துணித்துண்டுகளால் செய்த 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அது விற்கப்படவில்லை, பரிசாகவே உலகெங்கும் சென்றது. உதவி பெற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்களே கொடுப்பவர்களாய் மாறினர்.

ஓர் எழுத்தாளருக்குத் தம் கதையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டே, மாமியார் மாமனாரின் மரணத்தை எழுதவந்தவரிடம் ஊர்க் கதையைக் கேட்பது தகுமா என்று வினவலாம். தகும் வினா. கபூர் எழுதியது அவர் எழுத வேண்டியிருந்த கதை. அதை அவரன்றி வேறெவரும் இத்துணை நேர்மையோடு எழுதியிருக்க முடியாது. எழுதப்படாத மற்றக் கதைக்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையன்று. அது நம் பொறுப்பு. குயிலாப்பாளையத்தில் இன்று உணவகங்களும் வாடகை இருசக்கர வண்டிக் கடைகளும் பெருகிவிட்டன. அயல்நாட்டாரோடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசும் இளைஞர்கள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் சிலர் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். மேடு மொட்டையாய் இருந்த நாளை நேரில் கண்ட கடைசித் தலைமுறை அது. அவர்கள் சொல்லக் கேட்டுத் தமிழில் ஒருவர் எழுதினால், கபூரின் நூலுக்கு அது மறுப்பாகாது; அதன் மறுபாதியாகும்.

அதுபோலவே நம் பங்குகளிலும். அடுத்த நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வரும்போது, கோயிலைக் கட்டிய அயல்நாட்டுக் குருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். மறுபக்கத்தைக் கல் சுமந்தவளுக்கும், அவருக்குத் தமிழ் கற்பித்தவருக்கும், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவருக்கும் ஒதுக்குவோம். முதியோரிடம் சென்று அவர்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு ஞாயிறு மாலை போதும்.

மீண்டும் வரும்போது மிகுதியைத் தருவதாகச் சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் சொல்லிச் சென்றார். அவர் திரும்பி வந்தாரா என்பதை உவமை சொல்லவில்லை. நன்மை செய்து சென்றவரை நினைவுகூரும் ஒவ்வொரு நூலும் அக்கடன் இன்னும் நிலுவையில் இருப்பதை நமக்கு நினைவூட்டட்டும்.